மஞ்சள் விளக்கின் கீழே இரண்டு கறுப்பு

பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். மேலிருந்து கீழ்வரை கறுப்புச் சட்டைகள். எல்லாம் ஒரே மாதிரி, முழுக்கை, காலர் இல்லாதவை. "யாராவது இறந்துவிட்டார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "பாடகர் குழுவுக்கு" என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. அழைப்புக் கடிதத்தைக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கச்சேரி, பாடப்போவது சிலுவையடியில் நின்று அழுத தாயைப் பற்றிய லத்தீன் பாட்டு என்று அதில் இருந்தது. "அப்படியானால் நான் கேட்டதும் தப்பில்லை" என்று சிரித்தபடி பெட்டியை மூடிக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் திருப்பூர் நல்லூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர் கேட்பதைத் தையல்காரருக்கும், தையல்காரர் சொல்வதை வெளிநாட்டுக்காரருக்கும், யாரும் கோபப்படாதபடி மாற்றிச் சொல்வது என் வேலை. பெல்ஜியத்தில் லீஸ்பெத் என்ற அம்மாள் எங்களிடம் சரக்கு வாங்குகிறவர். தம் ஊர்ப் பாடகர் குழுவில் பாடுகிறவரும்கூட. குழுவுக்கான சட்டை ஆர்டரையும் எங்களுக்கே கொடுத்தார். முதல் நூறு சட்டை போய்ச் சேர்ந்த பிறகு, பக்கத்து ஊர்க் குழுவும் சேர்ந்துகொள்கிறது, இன்னும் நாற்பது சொச்சம் வேண்டும் என்று எழுதினார். "நாங்கள் போட்டுக்கொண்டு பாடி, வியர்த்து, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுகிறேன்" என்றும் எழுதியிருந்தார். கையெழுத்து என்பது வருஷம் முழுவதற்குமான கறுப்பு ஆர்டர். அதை நம்பித்தான் முதலாளி எங்கள் இரண்டாவது தையல் லைனை மூடாமல் வைத்திருந்தார். அந்த லைனில் முப்பத்திரண்டு பெண்கள்.

முதல் நூற்றுக்குச் சாயம் போட்ட பட்டறை அந்த வாரம் மூடிக் கிடந்ததால் வீரபாண்டிப் பக்கம் வேறொரு பட்டறைக்குப் போனோம். நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு. பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், மஞ்சள் பல்பு வெளிச்சம் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, பழைய துணியையும் புதிய துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நான் போன நேரம் மின்வெட்டு. ஜெனரேட்டர் சாய மிஷினுக்கு மட்டும். டையிங் மாஸ்டர் துணியை வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் விரித்தார்.

"ஏனுங்க, சூரியனைக் காட்டிலும் நல்ல லைட்டு எங்கீங்க இருக்குது?" என்றார்.

பதினோரு மணி வெயிலில் இரண்டும் ஒரே கறுப்பாகத்தான் இருந்தன. நிறம் சரி என்று ஷேட் அட்டையில் கையெழுத்துப் போட்டேன். அந்த மின்வெட்டுக் காலத்தில் திருப்பூரில் பலரும் அப்படித்தான் போட்டோம்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் திருப்பூர் ராயபுரத்து வீட்டில் பெட்டி அடுக்கும்போது என் மனைவி எஸ்தர், முதல் லாட்டில், அதாவது முதல் நூறில், மாதிரிக்கு வைத்திருந்த சட்டையை ஒரு கையிலும் புது லாட்டில் ஒன்றை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் படுக்கையறையில் மஞ்சள் பல்பு. நாங்கள் இருவரும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்; அவள் பேச்சு இன்னும் மாறவில்லை. "ஏங்க, இது ரெண்டும் வேற வேற கறுப்புல்லா?" என்றாள்.

பார்த்தேன். ஒன்று கறுப்பு. மற்றது கத்தரிக்காய் நிறம். சாயக் கலவை வேறானால் இப்படி நேரும். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிவது இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். படித்திருக்கிறேன், பிறருக்குச் சொல்லிக்கூடக் கொடுத்திருக்கிறேன். காலையில் விமானம். முதலாளியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை, சொல்லாமலே கிளம்பிவிட்டேன்.

வியாழக்கிழமை ரயிலில் கூட்டம். பெட்டியை ஒரு கோச்சின் வாசலருகே வைத்துவிட்டு, அடுத்த கோச்சில் இடம் பார்த்து உட்கார்ந்தேன். நடுவில் ஒரு ஸ்டேஷனில் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள், ஃப்ளெமிஷ் மொழியில். எதிரே இருந்த பெரியவர் செய்தித்தாளை மடித்துவிட்டு, "முன்பாதி கடற்கரைக்குப் போகிறது, பின்பாதி உள்நாட்டுக்கு. நீங்கள் கடற்கரைக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம், லீஸ்பெத்தின் ஊர் அந்தப் பக்கம்தான் என்று சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ஜன்னல் வழியே என் பெட்டி இருந்த பின்பாதி அப்படியே நின்றுகொண்டிருந்தது. நம்மூரிலும் கோச்சைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டுவதுண்டு. ஆனால் அதற்கு அரை மணி நேரம் ஆகும், தூங்குகிறவனை எழுப்புகிற மாதிரி இடிக்கும், டீ விற்கிறவருக்கும் தெரிந்திருக்கும். இங்கே ஒரு சத்தமும் இல்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். பெட்டி தொலைந்தது, பிரச்சினையும் தொலைந்தது, என் மேல் தப்பில்லை. டிக்கெட் பரிசோதகர் அதைக் கெடுத்துவிட்டார். என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, எங்கெங்கோ போன் போட்டு, மாலைக்குள் பெட்டியை லீஸ்பெத்தின் ஊர் ஸ்டேஷனுக்கே வரவழைத்துவிட்டார். ஒரு சட்டைகூடக் குறையவில்லை. அவருக்கு நன்றி சொன்னேன், மனதுக்குள் திட்டினேன்.

லீஸ்பெத் உயரமான அம்மாள், ஐம்பது வயதிருக்கும். கார் ஓட்டும்போதும் பாடிக்கொண்டே ஓட்டுகிறார். கச்சேரியைப் பற்றி அவரே விளக்கினார். ஒரே லத்தீன் பாட்டு, மூன்று மூன்று வரியாக இருபது கண்ணிகள். அதற்குக் காலந்தோறும் பலர் மெட்டுப் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் பாதியில் பரோக் என்கிற பழைய காலத்து மெட்டு, இரண்டாம் பாதியில் அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் பிந்திய ரொமாண்டிக் காலத்து மெட்டு. "எது சிறந்தது என்று எங்கள் குழுவில் ஆறு மாதமாகச் சண்டை" என்றார். அந்தப் பாட்டு எனக்கும் தெரியும் என்றேன். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில், இயேசு சிலுவை சுமந்த நிலைகளை நினைத்து நடக்கும் சிலுவைப் பாதையில், ஒவ்வொரு நிலைக்கும் நடுவே, ஒரு கண்ணியாகத் தமிழில் பாடுவோம். திருப்பூர்க் கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுப்பது நான்தான். லீஸ்பெத் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, "பாடுங்கள்" என்றார். பாடினேன். கேட்டுவிட்டு, "இது நடந்துகொண்டே பாடுகிற பாட்டு, இல்லையா?" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை ஒரு பள்ளிக்கூட ஹாலில். போனதும் அண்ணாந்து பார்த்தேன். வெள்ளைக் குழல் விளக்கு. உயிர் வந்தது. முன்பே வந்து கட்டுப் பிரிக்காமல் கிடந்த நூறையும் சேர்த்து, சட்டைகளை நானே பிரித்துக் கொடுக்கிறேன் என்று முந்திக்கொண்டேன். "எவ்வளவு அக்கறை!" என்றார் லீஸ்பெத். அக்கறை அல்ல, திருட்டுத்தனம். பக்கத்து ஊர்க்காரர்களுக்கென்று கொண்டுவந்த புது லாட்டை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. பெரிய அளவுகளை எல்லாம் இரண்டு ஊர் ஆண்களுக்கும் கொடுத்தேன், ஏனென்றால் ஆண்கள் நிற்பது பின்வரிசையில். முன்னால் நிற்கும் பெண்களுக்கெல்லாம் பழைய லாட். புது லாட்டில் மிஞ்சிய ஏழெட்டுச் சின்ன அளவுச் சட்டைகளைப் பெட்டிக்குள்ளேயே போட்டு மூடினேன்.

மதியம் சாப்பாட்டில் எல்லோருக்கும் கோழியும் உருளைக்கிழங்கு வறுவலும். நான் தவக்கால வெள்ளிக்கிழமையில் கவிச்சி தொடமாட்டேன் என்று வறுவலை மட்டும் எடுத்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த பெண்மணி ஆச்சரியப்பட்டுப் அடுத்த நாற்காலிக்காரரிடம் ஏதோ சொன்னார். "என் பாட்டிக்குப் பிறகு இப்படி ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றாராம். அவர்தான் ஹில்டா, ஓய்வுபெற்ற ஆசிரியை. பரோக் மெட்டைப் பாடும் இரண்டு பெண்களில் தாழ்ந்த குரல் அவருடையது. என் தட்டில் இன்னும் கொஞ்சம் வறுவலைத் தள்ளி, மேலே மயோனைஸ் என்ற வெள்ளைக் குழம்பை ஊற்றினார். பெரிய பக்திமான் ஒருவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

சாப்பிட்டு முடிப்பதற்குள் முதலாளி போனில் வந்தார்.

"ஜெபா, போயிச் சேந்துட்டீங்ளா? குளுரு தாங்குதுங்ளா? சோறு கெடைக்குதுங்ளா?"

"கெடைக்குதுங்க."

"துணி பாத்துட்டாங்ளா அந்தம்மா?"

"பாத்தாங்க. சந்தோசப்பட்டாங்க."

"நல்லதுங்க. கையெழுத்தோட வாங்க. நான் பழனிக்கு நடந்து வர்றேன்னு வேண்டியிருக்கறேன்."

எனக்காக இன்னொரு மனிதர் கால் வலிக்க நடக்கப்போகிறார். தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

சனிக்கிழமை, கச்சேரி நடக்கப்போகிற கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இருட்டுக் குகை போல உயர்ந்த கல் கோயில். கோயில் பொறுப்பாளர் ஒரு சுவிட்சைத் தட்டினார். தூணுக்குத் தூண், வளைவுக்கு வளைவு, மஞ்சள் பல்புகள் எரிந்தன. எல்லாரும் "ஆகா" என்றார்கள். "இதை விட்டால் வேறு வெள்ளை விளக்கு இல்லையா?" என்று கேட்டேன். பொறுப்பாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு லீஸ்பெத்திடம் ஏதோ சொன்னார். "வெள்ளை விளக்கு கோட்டு மாட்டும் அறையில் இருக்கிறது, அங்கே கச்சேரி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்" என்று லீஸ்பெத் சிரித்தார்.

அன்று எல்லோரும் அவரவர் குளிர்க் கோட்டுகளில்தான் இருந்தார்கள். அதனால் சட்டைக் கவலையைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டுப் பாட்டைக் கேட்க முடிந்தது. ரொமாண்டிக் மெட்டு முதலில். ஒரே ஒரு சுரம் கீழே எங்கோ தொடங்கி, படிப்படியாக மேலேறி, வாத்தியங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடைசியில் நூற்றுச் சொச்சம் பேரும் ஒன்றாக வாய் திறந்தபோது மார்புக்குள் அதிர்ந்தது. தாய் நின்றாள் என்ற ஒரு வரியைச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதுதான் பாட்டு, இதுதான் துக்கம் என்று நினைத்தேன்.

பிறகு பரோக் மெட்டு. வயலின்காரர்கள் சிலர், சின்ன ஆர்கன் ஒன்று, ஹில்டாவும் ஓர் இளம்பெண்ணும். அவ்வளவுதான். கீழே தந்தி வாத்தியம் காலடி வைக்கிற மாதிரி ஒரே சீராக நடக்க, மேலே ஒரு குரல் ஒரு சுரத்தில் நின்றது. இன்னொரு குரல் அதை ஒட்டி அடுத்த சுரத்தில் வந்து உரசியது. உரசி, விலகி, மறுபடி உரசியது. வாள் ஊடுருவியது என்ற கண்ணிக்கு மெட்டு கிட்டத்தட்டத் துள்ளிக்கொண்டு போகிறது. இதென்ன, துக்க வீட்டில் கும்மியா என்று எரிச்சலாக இருந்தது. லீஸ்பெத்திடம் சொன்னேன். "இந்த மெட்டில் அந்தத் தாய் அழுகிறாள், நாம் பார்க்கிறோம். மற்றதில் நாம் அழுகிறோம், தாயை மறந்துவிடுகிறோம்" என்றார். அவர் பரோக் கட்சி என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கள் ஊர்ச் சிலுவைப் பாதையில் ஷிஃப்ட் முடித்துத் தலையில் பஞ்சுத் தூசோடு வந்து பாடுகிறவர்களை நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கு இரண்டுக்கும் நேரமில்லை. அடுத்த நிலைக்குப் போக வேண்டும்.

ஞாயிறு மூன்று மணிக்குக் கச்சேரி. வெளியே மழை மூட்டம், உள்ளே மஞ்சள் பல்பு. கோயில் நிரம்பிவிட்டது. காலைப் பூசைக்கு நான் போனபோது இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. லீஸ்பெத் இரண்டாம் பாதியில்தான் பாடுகிறார் என்பதால் முதல் பாதியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பரோக்கில் கவலையில்லை, இரண்டே பெண்கள், இரண்டு பேருக்கும் பழைய லாட் கொடுத்திருக்கிறேன் என்று நானும் சாய்ந்து உட்கார்ந்தேன்.

ஹில்டாவும் அந்த இளம்பெண்ணும் முன்னால் வந்து, ஒரே விளக்கின் கீழே, தோளோடு தோள் நின்றார்கள்.

இளம்பெண் கறுப்பு. ஹில்டா கத்தரிக்காய்.

"ஹில்டா காலையில் தன் சட்டையில் காபி கொட்டிக்கொண்டாள். நல்லவேளை, என் காரிலேயே கிடந்த உங்கள் பெட்டியில் சின்ன அளவு இருந்தது" என்று லீஸ்பெத் என் காதில் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டுக் கேட்கும்போது அவர் கண் திறக்கமாட்டாராம்.

முதல் குரல் எழுந்தது. இரண்டாவது குரல் அதன் அருகே வந்து உரசியது. ஒத்திகையில் எனக்குக் கேட்காதது இப்போது கேட்டது. இரண்டே குரல், எது எங்கே எவ்வளவு விலகி நிற்கிறது என்பது மயிரிழை வரை தெரிகிறது. அந்த மெட்டில் யாரும் யார் பின்னாலும் ஒளிந்துகொள்ள முடியாது. அந்த இரண்டு சட்டையும் அப்படித்தான் நின்றன. நாற்பது நிமிஷம் நான் அந்தத் தோள்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. லீஸ்பெத் கண்ணைத் திறந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். மாதாவின் துக்கப் பாட்டு நடக்கும்போது மாதாவிடமே இதற்கு வேண்டினேன். முன் வரிசையில் ஒரு பெண்மணி கணவர் பக்கம் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்கு வியர்த்தது. இடைவேளையில் லீஸ்பெத்திடம் மெல்லக் கேட்டேன். "அடுப்பில் சூப்பை வைத்துவிட்டு வந்துவிட்டேனே என்கிறாள்" என்றார்.

இரண்டாம் பாதியில் எல்லாரும் ஏறி நின்றார்கள். ஹில்டா கூட்டத்துக்குள் போய்விட்டார். பின்வரிசை ஆண்கள் வெறும் இருட்டாகத் தெரிந்தார்கள். பாட்டு பொங்கி எழுந்தது. நேற்று என்னை அழவைத்த அதே இடம் வந்தது, நான் அழவில்லை. தனியாக ஓடும் மிஷினில் ஊசி உடைந்தால் தெரு முனை வரை கேட்கும். இருநூறு மிஷின் ஓடும் ஹாலில் பக்கத்து ஆளுக்குக்கூடக் கேட்காது. அந்த மெட்டு என்னை அப்படி மூடிக் காப்பாற்றியது. தப்பித்துவிட்டேன். தப்பித்தது எனக்குப் பிடிக்கவில்லை. முதல் பாதியின் அந்த இரண்டு குரல்தான் காதில் நின்றுகொண்டே இருந்தது.

கைதட்டல் அடங்கியதும் லீஸ்பெத் வேர்த்து விறுவிறுத்து வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். என்னைக் கோட்டு மாட்டும் அறைக்குக் கூட்டிப் போனார். தான் போட்டிருந்த சட்டையை மாற்றிக்கொண்டு, அதையும் ஹில்டாவிடம் வாங்கிய சட்டையையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்திருந்தார். மேலே வெள்ளைக் குழல் விளக்கு. "இத்தனை வியர்வையிலும் நிறம் விடவில்லை. இரண்டு லாட்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை" என்று சொல்லிப் படிவத்தை எடுத்துப் பேனா மூடியைத் திறந்தார்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை.

"இங்கே வேண்டாம்" என்றேன். "கோயிலுக்குள் அந்த மஞ்சள் விளக்கின் கீழே கொண்டுபோய்ப் பாருங்கள்."

அவருக்குப் புரியவில்லை. நானே இரண்டையும் எடுத்துக்கொண்டு தூணடிக்குப் போய்ப் பிடித்தேன். வந்து பார்த்தார். ஒரு சட்டையின் கையை மற்றதன் மேல் போட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் இன்னும் மறக்கவில்லை.

"எப்போது தெரியும்?"

"கிளம்புவதற்கு முந்தின நாள்."

"ஆண்களுக்குக் கொடுத்தது?"

"தெரிந்துதான்."

கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பேனாவை மூடினார். "நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தே இருக்காது" என்றார், தனக்குள் சொல்வது போல. பிறகு, ஆர்டரைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு, எல்லாரும் பீர் குடிக்கிற இடத்துக்குப் போய்விட்டார். ஹில்டா மட்டும் வந்து என் கையைப் பிடித்து, பாட்டு பிடித்ததா என்று கேட்டார். உங்கள் பாட்டுதான் பிடித்தது என்றேன். அது பொய்யில்லை.

திங்கட்கிழமை காலை ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று முதலாளிக்குப் போன் போட்டேன். வெயிலில் பார்த்தது, கையெழுத்து, பின்வரிசை, கடைசியில் நானே காட்டிக்கொடுத்தது, எல்லாம் சொன்னேன்.

"ஏனுங்க ஜெபா, நீங்க சொல்லாட்டி அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமுங்களா?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

"கையெழுத்துப் போட்டிருப்பாங்ளா?"

"போட்டிருப்பாங்க."

அவர் யாரிடமோ கதவைச் சாத்தச் சொல்வது கேட்டது.

"நானா இருந்தாச் சொல்லியிருக்க மாட்டனுங்க" என்றார். "செரி. நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்லலை. ஆனா ரெண்டாவது லைன் பொம்பளைங்க கேப்பாங்க. அவுங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே வந்து சொல்லிப்போடுங்க."

"சரிங்க" என்றேன். அந்த முப்பத்திரண்டு பேரில் பாதிப் பேர் எங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள், வெள்ளிக்கிழமைகளில் நான் எடுத்துக் கொடுக்க என் பின்னால் பாடி வருகிறவர்கள். ரயில் வந்தது, ஏறினேன், கழற்றுகிற வண்டியா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அவர்களில் யார் முகத்தைப் பார்த்து முதல் வார்த்தையைச் சொல்வது என்று ஒவ்வொருத்தராக நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.